மழை முதலா, சிக்னல் முதலா?

மழை வரும்போல இருந்ததால் கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தது. எங்கள் லேபில் அடிக்கடி கருவி வாங்கிப்போகும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். “சார், ஒரு பத்து நிமிஷம்” என்றாள். டீக்கடையில் பத்து நிமிஷம் என்றால் ரெண்டு டீ. மாஸ்டருக்கு விரலைக் காட்டிவிட்டு, “சொல்லும்மா” என்றேன்.

அவளுடைய ஆராய்ச்சி மழையையும் சாட்டிலைட்டையும் பற்றியது. கல்லூரி மொட்டைமாடியில் ஒரு டிஷ் ஆன்டெனா, 83 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-30ஐப் பார்த்தபடி இருக்கிறது. கே.யு. பேண்டில், அதாவது 11 கிகாஹெர்ட்ஸ் வாக்கில், வருகிற சிக்னலை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். அடைமழையில் வீட்டு டிவி படம் அப்படியே உறைந்து ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறதே, அதே சமாச்சாரம். எவ்வளவு மழைக்கு எத்தனை டெசிபல் சாய்கிறது என்று வடகிழக்குப் பருவமழை முழுக்க அளந்துகொண்டிருந்தாள். டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யிலிருந்து கேபிள் இறங்கி லேபில் இருக்கும் சிக்னல் அனலைசருக்குப் போகிறது. டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே ஒரு மழைமானி, உள்ளே வாளி நிரம்பும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டும், அதை ஒரு லாகர் நேரத்தோடு குறித்துக்கொள்ளும்.

“டி.சி. பிளாக் போட்டிருக்கியா?” என்று முதலில் கேட்டேன். எல்.என்.பி.க்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகும், 13 அல்லது 18 வோல்ட். அது நேராக அனலைசருக்குள் ஏறினால் முன்பக்க மிக்சர் போய்விடும், அந்தப் பில்லைப் பார்த்தால் துறைத்தலைவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். போட்டிருந்தாள். இதைக் கேட்காமல் எனக்கு டீ இறங்காது.

பிறகு கணக்கைக் காட்டினாள். நவம்பர் 20 மாலை, மழைமானியின் முதல் தட்டு 16:12:10. அனலைசரில் சிக்னல் சாயத் தொடங்கியது 16:13:00. மழை தரையைத் தொட்டு 50 விநாடி கழித்துத்தான் சிக்னல் குறைகிறது! நவம்பர் மழைகளில் எல்லாம் ஏறக்குறைய இதே கதை. காரணமும் கண்டுபிடித்திருந்தாள். டிஷ்ஷின் முகமும் எல்.என்.பி. மூடியும் நனைந்து நீர்ப்படலம் பிடித்த பிறகுதான் உண்மையான இழப்பு தொடங்குகிறது என்று ரெண்டு பக்கம் எழுதிவிட்டாள். அப்படி ஒரு விளைவு நிஜமாகவே உண்டு, ஆன்டெனா நனைவதால் வரும் இழப்பை அளந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. முட்டாள்தனமான விளக்கம் தானாக உதிர்ந்துவிடும். இதுபோல் பாதி நியாயம் உள்ள விளக்கம் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஏனென்றால் இயற்கை வேறு மாதிரிச் சொல்கிறது. சென்னையிலிருந்து அந்தச் சாட்டிலைட்டைப் பார்க்க டிஷ்ஷைத் தெற்கே கொஞ்சம் கிழக்காகத் திருப்பி, சுமார் 74 டிகிரி அண்ணாந்து வைக்க வேண்டும். மழை உருவாகும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மழைக்குள் சிக்னல் வரும் பாதை தெற்குப் பக்கமாக 1.4 கிலோமீட்டர் வரை நீள்கிறது. பெரிய மழைத்துளி விநாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் விழும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துளி தரைக்கு வர ரெண்டு நிமிஷம். ஆக, தலைக்கு மேலே மழை கட்டிக்கொண்டு சிக்னலைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் மழைமானி நனையும். பக்கத்துத் தெருவிலிருந்து சாய்ந்தடிக்கிற மழையில் ஒருநாள் ரெண்டு நாள் முன்பின் ஆகலாம். மாதம் முழுக்கத் தலைகீழாக இருக்க முடியாது.

“அக்டோபர்ல எப்படிம்மா?”

“அக்டோபர் டேட்டா கொஞ்சம் குழப்பம் சார். முதல் ரெண்டு மூணு மழைல சிக்னல்தான் முன்னாடி. அப்புறம் ரெண்டும் ஒண்ணா வந்துது. அது செட்-அப் சரியா நிலைக்காத காலம்னு விட்டுட்டேன்.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவள் ஒதுக்கிவைத்த அக்டோபரில்தான் விடை இருந்தது. ஆனால் அவசரப்படாமல், “அந்த 16:13:00 யாரு கடிகாரத்துல?” என்று கேட்டேன்.

கோப்பைத் திறந்தாள். அனலைசர் ஏற்றுமதி செய்து தரும் சி.எஸ்.வி. கோப்பு எல்லோருக்கும் தெரிந்த வடிவம்தான். மேலே ஒரு தலைப்புப் பகுதி: தேதி, நேரம், மைய அலைவரிசை, ஸ்பான், ஸ்வீப் நேரம், எத்தனை ஆவரேஜ். கீழே 1,001 வரிகள், ஒவ்வொன்றிலும் அலைவரிசை, காற்புள்ளி, அளவு. -63.42 டி.பி.எம். என்கிற மாதிரி. ஆயிரத்தொரு அளவீட்டுக்கும் சேர்த்து நேரம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் எந்தக் கணத்தின் நேரம்? அளக்கத் தொடங்கிய கணமா, முடித்த கணமா, கோப்பாக எழுதிய கணமா? பல கருவிகளில் அது கோப்பு சேமிக்கப்பட்ட நேரம். கருவியைக் குற்றம் சொல்ல முடியாது, ‘சேமி’ என்றாய், சேமித்த நேரத்தைப் போட்டது. உனக்கு வேண்டியது வேறு.

ஸ்வீப் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோவில் பிராகாரத்தில் இரவுக் காவலாளி டார்ச் அடித்துக்கொண்டே ஒரு சுற்று வருகிறார். வடக்குச் சுவரைப் பார்த்தபோது தெற்குச் சுவரில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஸ்வீப் செய்யும் அனலைசரும் அப்படித்தான், இடது ஓரத்து அலைவரிசையிலிருந்து வலது ஓரம் வரை நடந்துபோகிறது. ஸ்வீப் நேரம் ரெண்டு விநாடி என்றால் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே ரெண்டு விநாடி இடைவெளி. திரையில் ஒரே கோடாகத் தெரிவதால் ஒரே நேரத்தில் எடுத்த படம் என்று கண் நம்பிவிடுகிறது. ஆயிரத்தொரு புள்ளிகளில் நடுப்புள்ளியின் நேரம் வேண்டுமானால், தொடங்கிய நேரத்தோடு ஸ்வீப் நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவள் வைத்திருந்தது 1.2 விநாடி ஸ்வீப், 20 ஆவரேஜ். ஒரு கோடு உருவாக 24 விநாடி. முடிந்ததும் கோப்பு. ஆக ‘16:13:00’ என்று முத்திரை விழுந்த கோடு 16:12:36 முதல் 16:13:00 வரையிலான சிக்னலின் சராசரி. ஒற்றை நேரம் சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் உள்ள 16:12:48ஐச் சொல்வதுதான் நியாயம். அதற்குள் 12 விநாடி போய்விட்டது பார்.

ஆவரேஜையாவது இப்படிக் கணக்கில் பிடிக்கலாம். மேக்ஸ் ஹோல்டு போட்டுவிட்டு நேரம் கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சே வராது. ஒவ்வொரு புள்ளியிலும் இதுவரை வந்ததில் பெரியதை மட்டும் வைத்துக்கொள்வது அது. ஒரு புள்ளி காலை பத்து மணியுடையது, பக்கத்துப் புள்ளி மதியம் மூன்றுடையது. அந்தக் கோப்பின் மேல் எந்த நேரத்தை எழுதினாலும் பொய்.

நேரம்தான் முக்கியம் என்றால் ஜீரோ ஸ்பான் இருக்கிறது. காவலாளியை நடக்க விடாமல் ஒரே இடத்தில் நிற்கவைப்பது. அலைவரிசை அச்சு மறைந்து கிடைமட்டக் கோடே நேரமாகிவிடும். இவள் விஷயத்தில் அதை நாள் முழுக்க வைக்க முடியாது. மொட்டைமாடி வெயிலில் எல்.என்.பி. சூடாகும்போது அதன் உள் ஆசிலேட்டர் சில நூறு கிலோஹெர்ட்ஸ்கூட நகரும், மெலிந்த கேரியர் சன்னலை விட்டே வெளியே போய்விடும். அதனால் ஸ்வீப் செய்து உச்சியைத் தேடுவதே சரி. உச்சியின் அளவோடு அது நின்ற அலைவரிசையையும் சேர்த்து ஏற்றுமதி செய்யச் சொன்னேன். பிற்பகலில் திடீரென்று அளவு குறைந்தால் மழையா, கேரியர் நகர்ந்ததா என்று பிறகு பிரித்துப் பார்க்கலாம்.

ரெண்டாவது டீ வந்தது. மழையும் வந்தது, தகரக்கூரையில் பேச்சுக் கேட்காத அளவுக்கு. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தோம்.

“அனலைசர் ரொம்பத் துல்லியம்தானே சார்? அதோட டைம் எப்படித் தப்பா போகும்?”

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். நல்ல அனலைசருக்குள் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் ஆசிலேட்டர் ஒன்று இருக்கிறது, அடுப்பு மாதிரி ஒரே வெப்பத்தில் வைத்த குவார்ட்ஸ். அலைவரிசையை அளப்பது அதை வைத்துத்தான், அதன் துல்லியத்துக்குத்தான் அத்தனை விலையும். ஆனால் திரையின் மூலையில் மணி காட்டுவது வேறு ஆள். இன்றைய அனலைசர்கள் பலவற்றுக்குள் விண்டோஸ் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மணி அந்தக் கணினியின் சாதாரணக் கடிகாரத்திலிருந்து வருகிறது, கரண்ட் இல்லாதபோது காசு அளவு பேட்டரி அதை ஓட்டுகிறது. வீட்டுக்கு வைர வியாபாரி, கையில் ஓடாத வாட்ச் என்கிற கதை. ரெண்டும் ஒரே பெட்டியில் இருந்தாலும் பெரும்பாலும் பேசிக்கொள்வதே இல்லை.

கணினிகள் நெட்வொர்க் வழியாக நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ள என்.டி.பி. என்ற முறை இருக்கிறது. டேவிட் மில்ஸ் என்பவர் வடிவமைத்து 1985ல் வந்தது. டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தின் காவலன், அங்கிருந்தே நேரம் கேட்டு வாங்கலாம். நடைமுறையில் நடப்பது என்ன? அனலைசரில் இருப்பது பழைய விண்டோஸ், வைரஸ் ஏறிவிடும் என்று நெட்வொர்க் நிர்வாகி வெளியே இணைப்புத் தரமாட்டார். அவர் செய்வது சரிதான். அதனால் கடிகாரம் யாரையும் கேட்காமல் தன்போக்கில் ஓடுகிறது. அவளுடைய லேபிலும் அப்படியே. இதற்கு வழி, லேபிலேயே ஒரு கணினியையோ ஜி.பி.எஸ். ரிசீவரையோ நேரம் சொல்லும் ஆளாக வைத்து, மற்ற கருவிகளை அதனிடம் மட்டும் கேட்கச் சொல்வது.

மழைமானி லாகரின் நிலைமை இன்னும் மோசம். அதில் இருப்பது கைக்கடிகாரக் குவார்ட்ஸ், விநாடிக்கு 32,768 தடவை அதிரும், ரெண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண். விலை மலிவு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுவது சகஜம். கேட்க அற்பமாக இருக்கும். நாளைக்கு 86,400 விநாடி, பெருக்கினால் தினம் 1.7 விநாடி. போதாததற்கு இந்தக் குவார்ட்ஸ் 25 டிகிரி வாக்கில்தான் ஒழுங்காக ஓடும், சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும், வேகமாகாது. மொட்டைமாடியில் வெயிலில் காயும் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் அதற்கென்று இன்னும் சுமார் 14 பங்கு மெதுவாகும்.

“லாகர்ல டைம் கடைசியா எப்ப செட் பண்ணின?”

“அக்டோபர் ஒண்ணாம் தேதி சார். அன்னிக்குத்தான் மாட்டினோம்.” சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. கெட்டிக்காரி. நவம்பர் 20க்கு 50 நாள். கணக்கை என்னிடம் சொல்லாமல் மனசுக்குள் போட்டாள்.

மெதுவாக ஓடும் கடிகாரம் நிஜத்தைவிட முந்தைய நேரத்தைக் காட்டும். மழை நிஜத்தில் வந்ததற்கு முன்னாலேயே வந்ததாகப் பதிவாகும். அக்டோபர் தொடக்கத்தில் சிக்னல் முன்னே, பிறகு ரெண்டும் ஒன்றாக, நவம்பரில் மழை முன்னே. ஆன்டெனா நனைவது மாதத்துக்கு மாதம் இப்படி நகராது, கடிகாரம் நகரும்.

இதைக் கேட்டு அவள் கூசிப்போனாள். ஆறுதலாக ஒரு பெரிய இடத்துக் கதை சொன்னேன். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் மின்சாரம் போனது, சுமார் 5 கோடிப் பேர் இருட்டில். எந்த லைன் முதலில் விழுந்தது, எது அடுத்து என்று வரிசைப்படுத்த வேண்டும். துணை மின்நிலையங்களின் பதிவுக் கருவிகள் குவியல் குவியலாகத் தரவு தந்தன, ஆனால் பலவற்றின் கடிகாரம் பொது நேரத்தோடு சேரவில்லை. எது எதற்கு முன் என்று பொருத்திப்பார்க்கவே விசாரணைக் குழுவுக்குப் பெரும்பாடு ஆயிற்று. 2004 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, பதிவுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பது. அவர்களே அப்படி, நீ ஒரு மழைமானியை விட்டுவிட்டாய், அவ்வளவுதானே.

சரி, இனிமேல் எப்படி எடுப்பது? கருவியில் ‘சேமி’ பட்டனை அமுக்கிப் பென்டிரைவில் கொண்டுபோவது ஒரு வழி. ஒன்றிரண்டு படத்துக்குச் சரி. ஆனால் கோப்புக்குள் இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, கோப்புப் பட்டியலில் தெரியும் நேரத்தை நம்புகிறவர்கள் உண்டு. பழைய ஃபாட் முறையில் வடிவமைத்த பென்டிரைவ் அந்த நேரத்தை ரெண்டு விநாடிக்கு ஒருமுறைதான் எண்ணும், ஒற்றைப்படை விநாடியே அதில் கிடையாது. எந்த ஊர் நேரம் என்ற குறிப்பும் இல்லை.

இன்னொரு வழி, பக்கத்துக் கணினியிலிருந்து கட்டளை அனுப்பி வாங்குவது. இதற்கென்று 1990லிருந்து ஒரு பொதுமொழி உண்டு, ஸ்கிப்பி என்று செல்லமாகச் சொல்வார்கள். எந்தக் கம்பெனிக் கருவியும் ஏறக்குறைய புரிந்துகொள்ளும். இதில் இளையவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். கருவியைத் தொடர் ஸ்வீப்பில் ஓடவிட்டு, தோன்றும்போதெல்லாம் ‘டிரேஸைக் கொடு’ என்று கேட்பது. கேட்ட கணத்தில் காவலாளி பாதிப் பிராகாரத்தில் நிற்கலாம். வரும் கோட்டின் இடப்பக்கம் இந்தச் சுற்று, வலப்பக்கம் போன சுற்று. செய்ய வேண்டியது: தொடர் ஓட்டத்தை நிறுத்து. நேரத்தைக் குறி. ஒரே ஒரு ஸ்வீப்புக்கு உத்தரவு கொடு. ‘முடிந்ததா’ என்று கேட்டுக் காத்திரு. பதில் வந்ததும் மறுபடி நேரத்தைக் குறி. அதற்கப்புறம்தான் தரவைக் கேள். தொடக்கம், முடிவு என்று ரெண்டு நேரத்தையும் கோப்பில் எழுது. அளவீடு ரெண்டுக்கும் நடுவில்தான் நடந்தது என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்லலாம்.

தரவு எழுத்தாகவும் வரும், பைனரியாகவும் வரும். எழுத்தாக வந்தால் படிக்கலாம், ஆனால் பெரிது. பைனரி வடிவத்தில் முதல் முறை பார்த்தால் #44004 என்று ஏதோ குப்பை மாதிரி தொடங்கும். அது குப்பை இல்லை. #க்கு அடுத்த 4, இனி வரும் எண்ணில் நாலு இலக்கம் என்கிறது. அந்த எண் 4004, பின்னால் வரும் பைட்டுகள். 1,001 புள்ளி, புள்ளிக்கு 4 பைட். பழைய காலத்து மளிகைச் சீட்டு மாதிரி, மூட்டையைப் பிரிக்கும் முன்பே எடை எழுதியிருக்கும். எடை சரியாக இருந்தும் எண்கள் கன்னாபின்னாவென்று வந்தால் பைட் வரிசை தலைகீழ் என்று அர்த்தம். கருவி பெரிய பைட்டை முன்னால் அனுப்பியிருக்கும், உன் கணினி சின்னதை முன்னால் எதிர்பார்த்திருக்கும்.

சிக்னலையே சாம்பிள் சாம்பிளாகப் பதியும் ஐ.கியூ. பதிவு இவளுக்குத் தேவையில்லை, ஒரு வாக்கியத்தில் முடித்தேன்: விநாடிக்கு 5 கோடி சாம்பிள், சாம்பிளுக்கு 4 பைட் என்றால் விநாடிக்கு 200 மெகாபைட், அங்கே ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுத முடியாது, முதல் சாம்பிளின் நேரமும் சாம்பிள் வேகமும் இருந்தால் மற்றதை எண்ணியே கண்டுபிடிக்கலாம்.

கருவியிலிருந்து ஒழுங்காக வெளியே வந்த நேரம் கணினிக்கு வந்து சாவதும் உண்டு. பெரும்பாலும் எக்செல்லில். 14:23:45.123 என்று முழு நேரமும் இருக்கும் சி.எஸ்.வி.யை எக்செல்லில் திறந்தால் அது தன் இஷ்டத்துக்கு 23:45.1 என்று காட்டும். மணியைக் காணோம், ஆயிரத்தில் ஒரு பங்கையும் காணோம். உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சும்மா பார்த்தேன்’ என்று அதே பெயரில் சி.எஸ்.வி.யாகச் சேமித்துவிட்டால், திரையில் தெரிந்ததே கோப்பில் எழுதப்படும். பதினாலு மணி போயே போய்விட்டது, மூலக்கோப்பு வேறு இல்லையென்றால் மீட்கவே முடியாது. தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கருவி அமெரிக்க வழக்கத்தில் மாதத்தை முன்னால் எழுதியிருக்கும், நம் கணினி நாளை முன்னால் எதிர்பார்க்கும். நவம்பர் 5 மழை மே 11க்குப் போய் அக்னி நட்சத்திரத்தில் பெய்யும். நவம்பர் 20ஐ அப்படி மாற்ற முடியாது, இருபதாவது மாதம் கிடையாதே. அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பத்தியில் பன்னிரண்டாம் தேதி வரை தப்பு, பதின்மூன்றிலிருந்து ஊமை.

அதனால் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று பெரியதிலிருந்து சிறியதாக எழுதி, கடைசியில் +05:30 என்று போட்டுவிடச் சொன்னேன். 1988லேயே இதற்குச் சர்வதேசத் தரம் வந்துவிட்டது. கோப்புகளை எழுத்து வரிசையில் அடுக்கினாலே கால வரிசையில் நிற்கும். அந்த +05:30 இல்லாமல் விட்டால் ரெண்டு வருஷம் கழித்து, இது நம் நேரமா, யு.டி.சி.யா என்று தலையைச் சொறிய வேண்டிவரும்.

“நான் எக்செல் இல்ல சார், பைதான்தான். எல்லாத்தையும் ஒரே அர்ரேல போட்டுடுவேன். மெமரி மிச்சமாகட்டும்னு 32 பிட்.”

“நேரத்தையுமா?”

தலையாட்டினாள். 1970 ஜனவரி 1லிருந்து எண்ணிவரும் விநாடிகள் இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டன. 32 பிட் தசம எண்ணில் அவ்வளவு பெரிய எண்ணை வைத்தால், அடுத்தடுத்து எழுதக்கூடிய ரெண்டு எண்களுக்கு நடுவே 128 விநாடி இடைவெளி. கடிகார முள் ரெண்டு நிமிஷம் எட்டு விநாடிக்கு அசையாமல் நின்று, ஒரே தாவாகத் தாவும். 64 பிட்டில் அந்த இடைவெளி மைக்ரோ விநாடியில் கால் பங்குதான். “அய்யோ, பிளாட்ல படிக்கட்டு மாதிரி வந்துதே” என்றாள். நல்லவேளை, 50 விநாடிக் கணக்கை மூலக்கோப்பிலிருந்து கையால் போட்டிருந்தாள்.

நடந்து முடிந்த ரெண்டு மாதத் தரவை என்ன செய்வது? கோடம்பாக்கத்தில் என்ன செய்தார்களோ அதையே செய்யலாம். படம் ஒரு கருவியில், ஒலி வேறு கருவியில். ஷாட் தொடங்குமுன் கிளாப் பலகையை டப்பென்று தட்டுவார்கள். எடிட்டர் பலகை மூடும் பிரேமையும் அந்த டப்பையும் ஒன்றாக வைத்தால் மொத்த ஷாட்டும் பொருந்திவிடும். உனக்கும் அப்படி ஒரு டப் வேண்டும், அனலைசருக்கும் லாகருக்கும் ஒரே கணத்தில் தெரிகிற மாதிரி.

நவம்பர் 30 காலை மொட்டைமாடிக்குப் போனோம். ஆவரேஜை அணைத்து, விநாடிக்கு ஒரு கோப்பு எழுதும்படி வைத்திருந்தாள். கேன்டீனிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு. அதை எல்.என்.பி.யின் முகத்துக்கு நேராகப் பிடித்தால் சிக்னல் செத்துவிடும். மழைமானியின் மூடியைக் கழற்றி நான் உள்ளே இருக்கும் சின்ன ஊஞ்சல் வாளியில் விரல் வைத்துக்கொண்டேன். 0.2 மில்லிமீட்டர் மழை நிரம்பினால் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு தட்டு தட்டும் வாளி அது. செல்போனில் 10:30:00. அவள் தட்டை வைத்தாள், நான் வாளியைச் சாய்த்தேன்.

கீழே வந்து பார்த்தால் அனலைசர் சிக்னல் விழுந்ததாகச் சொன்னது 10:30:09. அதன் கடிகாரம் 9 விநாடி முந்தி ஓடுகிறது. லாகரில் தட்டு 10:28:18. 102 விநாடி பிந்துகிறது. ஒரு டப் இன்றைய வித்தியாசத்தை மட்டும் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. பத்து நாள் பொறுத்து இன்னொருமுறை அதே தட்டு, அதே வாளி. ஏசி அறையில் இருக்கும் அனலைசர் அந்த 9லேயே நின்றது. லாகர் 119 விநாடி. பத்து நாளில் 17, நாளுக்கு 1.7. பின்னோக்கிப் போனால் நவம்பர் 20 அன்று 85 விநாடி, அக்டோபர் 1 அன்று சுழியம். அவள் நேரம் வைத்த நாளில் போய் நிற்கிறது. கணக்கு இப்படி வந்து உட்காரும்போது கிடைக்கும் திருப்தி இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வேலையில் முப்பது வருஷம் இருந்தேன்.

திருத்திப் பார்த்தாள். மழைமானியின் முதல் தட்டு 16:12:10 இல்லை, 16:13:35. சிக்னல் சாய்ந்தது, கடிகாரத்துக்கு 9, ஆவரேஜுக்கு 12 கழித்து, 16:12:39. சிக்னல்தான் 56 விநாடி முன்னால். அந்த 56லும் மழைமானியின் பங்கு கொஞ்சம் இருக்கிறது. வாளி நிரம்பினால்தான் தட்டும். அன்றைக்கு அடுத்த தட்டு 15 விநாடியில் விழுந்திருக்கிறது, ஆக முதல் தட்டுக்கும் அவ்வளவு நேரம் மழை ஏற்கெனவே பெய்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 40 சொச்சம் விநாடி மேலேயிருந்து மழை இறங்கிவந்த நேரம்.

“அப்ப அந்த ரெண்டு பக்கத்தையும் அழிச்சுடறேன் சார்.”

“அழிக்காதே. நவம்பர் மழை ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பகுதியைப் பாரு, திருத்தின நேரத்தோட. மழைமானி தட்டறதை நிறுத்தின பிறகும் சிக்னல் முழுசா ஏறாம கொஞ்ச நேரம் அரை டெசிபல், ஒரு டெசிபல் தொங்குதான்னு பாரு. டிஷ் காயற வரைக்கும் நனைஞ்சுதானே இருக்கும்?”

மடிக்கணினியை மூடாமலே, ஒரு கையில் தட்டோடு, கேன்டீன் பக்கம் போனாள். தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.